சீற்றுக் கூரையில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

விசுவமடுப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். 2011இல் திரும்பி வந்து குடியேறியபோது போட்ட அஸ்பெஸ்டஸ் சீற் வீடு. குரங்குகள் பாய்ந்து மூன்று சீற் உடைந்துவிட்டது. போன கிழமை ஆள் பிடித்து மாற்றியிருக்கிறார்கள். புதுச் சீற்றை முற்றத்தில் வைத்துக் கிறைண்டரால் வெட்டியதில் வளவெல்லாம் வெள்ளைப் புழுதி. நாலு வயது மகன் பக்கத்திலேயே நின்றிருக்கிறான். அதற்குப் பிறகு யாரோ வந்து, “இது கான்சர் கொண்டுவரும்” என்று சொல்லிப் பயங்காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மகனுக்கு ஏதும் ஆகுமா, கூரை முழுவதையும் கழற்ற வேண்டுமா, முப்பது வருடம் கூரை வேலை செய்த அப்பா ஒரு வருடமாக இருமுகிறாரே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று மூன்று கேள்வி.

நான் வன்னியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். டொக்டர் இல்லை. ஆனால் இந்தச் சீற்றோடு நிறைய மாரடித்திருக்கிறேன்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் தூசியால் மகனுக்கு வரக்கூடிய ஆபத்து மிகமிகக் குறைவு; அதை நினைத்து நித்திரையைக் கெடுக்காதீர்கள். கூரையை இப்போதைக்குத் தொட வேண்டாம். அப்பாவை மட்டும் இந்தக் கிழமையே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். பயத்தை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைக்காமல் வேறெங்கோ வைத்திருக்கிறோம் என்பதுதான் என் கவலை. கூரையில் பேசாமல் கிடக்கிற சீற்றைப் பார்த்துப் பயப்படுகிறோம். அதை வெட்டும்போதும் உடைக்கும்போதும் பயப்படுவதில்லை.

அஸ்பெஸ்டஸ் என்பது ஏதோ ஆலையில் செய்த ரசாயனம் அல்ல. நிலத்திலிருந்து எடுக்கிற கல். தமிழில் கல்நார் என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்: கல், ஆனால் நாராகப் பிரியும். நெருப்புக்கு அசையாது, உக்காது, துருப்பிடிக்காது. 1901இல் ஆஸ்திரியாவில் லூட்விக் ஹாட்ஷெக் என்பவர் சீமெந்தோடு இந்த நாரைக் கலந்து மெல்லிய தகடு செய்வதற்குக் காப்புரிமை பெற்றார். நம் கூரையில் இருப்பது அந்த வழியில் வந்ததுதான். சீற்றில் பெரும்பங்கு சீமெந்து. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நார். அதுவும் கிரிசோடைல் என்கிற வெள்ளை வகை. இதைவிடக் கொடிய நீல வகையை இலங்கை 1987இலேயே தடை செய்துவிட்டது. வெள்ளை வகை “பாதுகாப்பானது” என்று விற்பவர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் முதலாம் வகுப்பில் போட்டிருக்கிறது.

நல்ல சீற்றில் அந்த நாரைச் சீமெந்து இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். கூரையில் கிடக்கும் வரை, வெடிக்காமல் உதிராமல் இருக்கும் வரை, கீழே படுத்திருப்பவரின் மூச்சுக்குள் அது இறங்கி வருவதில்லை. வெட்டும்போது, துளைக்கும்போது, உடைக்கும்போது, உரஞ்சும்போதுதான் பிடி விடுகிறது.

மற்றத் தூசிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மண்ணாங்கட்டியை நசுக்கினால் குறுக்காக உடைந்து சின்னச் சின்ன உருண்டையாகும். கல்நாரை நசுக்கினால் நெடுக்காகப் பிரியும். ஒரு நார் பத்தாகும், பத்து நூறாகும். நீளம் அப்படியே இருக்க, தடிப்பு மட்டும் குறைந்துகொண்டே போகும். நம் தலைமயிர் 50 முதல் 100 மைக்ரோன் தடிப்பு. நுரையீரலுக்குள் இறங்கும் கல்நார் இழை 3 மைக்ரோனுக்கும் குறைவு, அநேகமாக அதைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது. அரிசி ஆலையில் பறக்கிற உமித்தூசியை மூக்கு மயிரும் சளியும் பிடித்துக்கொள்ளும்; தும்மினால், காறித் துப்பினால் போய்விடும். இந்த இழை அம்புபோல மூச்சோடு நேராகக் கடைசிச் சிற்றறை வரை போகும். அங்கே துப்புரவு வேலை செய்யும் கலங்கள் அதை விழுங்கப் பார்க்கும். இழை கலத்தைவிட நீளமாயிருந்தால் விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. பாம்பு தன்னைவிட நீளமான தடியை விழுங்கப் போன கதை. கலம் செத்துப்போய், தன்னுள் இருந்த எரிக்கும் திரவங்களைச் சுற்றிவரக் கொட்டும். பிறகு இன்னொரு கலம் வரும். இப்படி வருடக்கணக்காகப் புண்ணும் தழும்புமாக நடந்துகொண்டேயிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அந்த மனுசன் வேலைக்குப் போவார், வருவார், கோயில் திருவிழாவில் தேர் இழுப்பார்.

அந்தத் தழும்பு நுரையீரல் முழுக்கப் பரவினால் அதுதான் அஸ்பெஸ்டோசிஸ். மூச்சுப்பை பஞ்சுபோல விரியாமல் காய்ந்த தோல்போல இறுகிவிடும். இது புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற ஊரில் கல்நார் நூற்கும் ஆலையில் வேலை செய்த நெலி கெர்ஷோ என்ற பெண் 1924இல் 33 வயதில் இறந்தபோது, அவருடைய நுரையீரலில் இந்த இழைகளைக் கண்டு டொக்டர் ஒருவர் மருத்துவ இதழில் எழுதினார். 1931இல் இங்கிலாந்து ஆலைகளுக்குத் தூசிச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் உலகம் பல பத்து வருடம் இதைத் தாராளமாகப் பாவித்தது என்பதுதான் வெட்கம்.

இரண்டாவது நுரையீரல் புற்றுநோய். இங்கே புகைத்தலின் கதை வருகிறது. அமெரிக்கக் கல்நார்த் தொழிலாளரை வைத்து 1979இல் வெளிவந்த கணக்கு இது: புகைக்காத, கல்நாரும் தொடாத ஒருவருக்கு இருக்கும் ஆபத்தை ஒன்று என்று வையுங்கள். புகைக்காத கல்நார்த் தொழிலாளிக்கு அது ஐந்து மடங்கு. கல்நார் தொடாத புகைப்பவருக்குப் பத்து மடங்குக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்தவருக்கு ஐம்பது மடங்குக்கு மேல். ஐந்தும் பத்தும் பதினைந்து என்று கூட்டிப் பார்க்க முடியாது, பெருக்கிப் பார்க்க வேண்டும். கூரையில் இருந்துகொண்டே பீடி பற்றவைக்கிற நம்முடைய வேலையாட்களை நினைத்தால் எனக்கு இந்தக் கணக்குத்தான் முன்னுக்கு வரும்.

மூன்றாவது மீசோதெலியோமா. நுரையீரலையும் வயிற்றையும் போர்த்தியிருக்கிற மெல்லிய சவ்வில் வருகிற புற்றுநோய். வேறு காரணத்தால் வருவது மிக அரிது. 1960இல் தென்னாபிரிக்காவின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் 33 பேருக்கு இது வந்ததைக் கண்டுதான் தொடர்பு உறுதியானது. அதற்கும் புகைத்தலுக்கும் சம்பந்தமில்லை. வாழ்க்கையில் ஒரு சிகரெட் தொடாதவருக்கும் வரும். குரல்வளையிலும் சூலகத்திலும் வரும் புற்றுநோய்களுக்கும் கல்நார் காரணமாகிறது. உலகம் முழுக்க வேலையிடக் கல்நாரால் வருடத்துக்கு 2,00,000 பேருக்கு மேல் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த வருத்தங்கள் இன்றைக்குத் தூசி, நாளைக்கு இருமல் என்று வருவதில்லை. அஸ்பெஸ்டோசிஸ் தலைகாட்டப் பத்து இருபது வருடம் ஆகும். மீசோதெலியோமாவுக்கு இருபதிலிருந்து ஐம்பது வருடம். வன்னியில் கூரைகள் மளமளவென்று எழும்பியது எப்போது? 2010க்குப் பிறகு. அதற்கு முன் பெரும்பாலும் கிடுகு, பனையோலை, தகரம், ஓடு. ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலையே இருந்தது. 2008, 2009இல் சனம் கூரையைக் கழற்றி ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓடியது யாருக்கும் மறந்திருக்காது. திரும்பி வந்தபோது சுவர்தான் மிச்சம், அதுவும் பாதி. வீட்டுத்திட்டங்கள் வந்தன, சீற் லொறி லொறியாக வந்து இறங்கியது. அந்த ஐந்தாறு வருடத்தில் சீற் வெட்டிய கைகளுக்கு இன்றைக்கு முப்பத்தைந்து, நாற்பது, ஐம்பது வயது. அவர்களுக்கு இப்போது ஒன்றுமில்லை என்பது ஒன்றுமே இல்லை என்பதாகாது. கணக்குப்படி பார்த்தால் அந்தத் தூசியின் காலம் பெரும்பாலும் 2030க்குப் பிறகுதான் வரும்.

என்னுடைய பிழை ஒன்றையும் இதில் சொல்ல வேண்டும். 2011இல் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்துக்குக் கிணறு பார்க்கப் போயிருந்தேன். சோளகக் காற்று நேரம். ஒரு பெடியன், இருபது வயது இருக்காது, இரண்டு கொங்கிறீற் கல்லுக்கு மேல் சீற்றை வைத்துக் கிறைண்டரால் வெட்டிக்கொண்டிருந்தான். சீற்றின் மறுமுனையை அசையாமல் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு தம்பி. வெட்டி முடித்து அவன் நிமிர்ந்தபோது கண்ணிமை, புருவம், மீசை அரும்பு எல்லாம் மா பூசியதுபோல வெள்ளை. சிரித்தபோது பல்லும் கண்ணும் மட்டும்தான் தெரிந்தது. தலையை ஒரு உதறு உதறிவிட்டு, அந்தப் புழுதிக்குள்ளேயே சோற்றுப் பார்சலைப் பிரித்தான். நான் கிணற்றுக்குக் குளோரின் கணக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்குத் தெரியாமல் இல்லை, பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். கூரையில்லாமல் இரண்டு வருடம் தரப்பாளுக்குள் கிடந்த சனத்திடம் போய் இந்தக் கூரை கூடாது என்று எந்த வாயால் சொல்வது என்று நினைத்தேன். சொல்லியிருக்க வேண்டியது அது அல்ல. தண்ணியை ஊற்றி வெட்டு, மூக்கைக் கட்டு என்பதுதான். அந்த இரண்டு சொல் இன்றைக்கும் தொண்டைக்குள் நிற்கிறது.

அரசாங்கம் தடை செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்யப் பார்த்தது. 2018 ஜனவரியிலிருந்து இறக்குமதியை நிறுத்துவதாக அறிவித்தும் இருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, இலங்கைத் தேயிலைப் பொதியில் கப்ரா என்ற வண்டு ஒன்று இருந்தது என்று சொல்லித் தேயிலை வாங்குவதை நிறுத்தியது. நமக்குக் கல்நார் அதிகம் விற்பதும் ரஷ்யாதான். சில நாளுக்குள் இங்கே தடை தள்ளிவைக்கப்பட்டது, அங்கே தேயிலைக்கு வழி திறந்தது. வண்டுக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து 1999இலும் அவுஸ்திரேலியா 2003 முடிவிலும் முழுதாகத் தடை செய்துவிட்டன. அங்கேயிருந்து லீவில் வருகிற சொந்தக்காரர்கள் நம் கூரையைப் பார்த்துத் திடுக்கிடுவது அதனால்தான்.

சரி, உங்கள் மகன். கல்நாரில் ஆபத்து என்பது உள்ளே போன மொத்த அளவைப் பொறுத்தது. வருத்தம் வந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அந்தத் தூசிக்குள் வேலை செய்தவர்கள், அல்லது அப்படி வேலை செய்தவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள். ஒரு பின்னேரம் முற்றத்தில் நின்ற பிள்ளையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. இந்த அளவுக்குக் கீழே போனால் முழுப் பாதுகாப்பு என்று ஒரு கோடு கிழிக்கவும் முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பிள்ளைக்கு முன்னால் நீண்ட ஆயுள் இருப்பதால் இனிமேல் கூடுதல் கவனம், அவ்வளவுதான். இப்போது எக்ஸ்ரே எடுத்துப் பிரயோசனமில்லை. ஒன்றும் தெரியாது, வீணாகக் கதிர்வீச்சுத்தான். இரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. பால், வெல்லம், வாழைப்பழம் கொடுத்தால் தூசி வெளியே வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். பழத்தைச் சாப்பிடக் கொடுங்கள், நல்லது. தூசி அதனால் வராது.

துப்புரவு செய்ய வேண்டியது முற்றத்தை. வெட்டிய இடத்தில் வெள்ளைப் பொடி இன்னும் படிந்திருக்கும். தும்புத்தடியாலோ விளக்குமாறாலோ காய்ந்தபடி கூட்டாதீர்கள். கூட்டினால் வெட்டிய அன்றைக்கு எழும்பியது திரும்பவும் எழும்பும். பூவாளியால் நன்றாக நனைத்து, மேல் மண்ணை அரை விரற்கடை அளவு மண்வெட்டியால் வழித்து, இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டுங்கள். விறாந்தையையும் யன்னல் கட்டையையும் ஈரத் துணியால் துடைத்து, துணியையும் அதே பைக்குள் போடுங்கள். அன்றைக்குப் போட்டிருந்த உடுப்பை உதறாமல் வாளித் தண்ணிக்குள் அமிழ்த்தி, தனியாகத் தோய்க்க வேண்டும். உடுப்பை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 1965இல் லண்டனில் மீசோதெலியோமா வந்த 76 பேரை விசாரித்தபோது, ஒன்பது பேர் ஆலைக்குள் காலே வைக்காதவர்கள். கல்நார் வேலை செய்தவரோடு ஒரு வீட்டில் இருந்தவர்கள், அநேகமாக அவர்களின் வேலை உடுப்பைத் தோய்த்த பெண்கள்.

இனிக் கூரை. கழற்ற வேண்டாம் என்று சொன்னதற்கு இரண்டு காரணம். முதலாவது, நல்ல சீற்றைக் கழற்றும்போது வரும் தூசி, அது கூரையில் கிடக்கும்போது வருவதைவிட எவ்வளவோ அதிகம். இரண்டாவது தூசியில்லை, விழுகை. பழைய சீற் ஆளின் பாரம் தாங்காது. பார்க்கக் கெட்டியாக இருக்கும், கால் வைத்தவுடன் பிஸ்கட் போல உடையும். கல்நார்ப் புற்றுநோய் முப்பது வருடம் கழித்து வரும். கூரையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு உடைவது இன்றைக்கே வரும். ஏற வேண்டியிருந்தால் வளைகளுக்குக் குறுக்கே பலகை போட்டு, பலகையில்தான் நடக்க வேண்டும்.

கூரையைக் குரங்கிடமிருந்து காப்பாற்றுவதுதான் உங்களுடைய முதல் வேலை. மாமரமோ பலாவோ கூரைக்கு மேல் சாய்ந்திருந்தால் அந்தக் கொப்பை வெட்டுங்கள்; குரங்குக்கு அதுதான் ஏணி, விழுகிற காயும் சீற்றுக்குக் கேடு. கூரையில் பாசி பிடித்தால் கம்பித் தூரிகையால் உரஞ்சாதீர்கள், சேர்விஸ் நிலையத்துத் தண்ணிப் பீச்சி கொண்டுவந்து அடிக்கவும் வேண்டாம். பாசியோடு சேர்ந்து சீற்றின் மேல்தோலும் உரிந்து நார் வெளியே வரும். அப்படியே விட்டுவிடுவது நல்லது. சின்ன வெடிப்பு என்றால் ஈரமாக்கித் துடைத்துவிட்டு ஒட்டுப் பசை பூசி அடைக்கலாம். மேல்பக்கம் உதிரத் தொடங்கியிருந்தால் நனைத்து, தண்ணியில் கரையும் பெயின்ட் இரண்டு பூச்சுப் பூசினால் இன்னும் கொஞ்சக் காலம் நார் அமுங்கிக் கிடக்கும். பீலிக்குள் சேரும் சாம்பல் நிறச் சேற்றில் மழையில் கழுவுப்பட்ட நார் இருக்கும். அதை மாரி நேரத்தில், ஈரமாக இருக்கும்போதே அள்ளிக் கட்டுங்கள். வைகாசியில் காய்ந்தபின் சுரண்டப் போகாதீர்கள்.

அந்தப் பீலித் தண்ணியைத் தாங்கியில் பிடித்துக் குடிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், நம் பக்கத்தில் மழைநீர்த் தாங்கிகள் நிறைய இருப்பதால். குடித்து வருத்தம் வந்ததற்கு உறுதியான சான்று இல்லையென்று சொல்லித்தான் உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் கல்நாருக்கு எல்லை வைக்கவில்லை. ஆபத்து மூச்சில். முதல் மழையைத் தாங்கிக்குள் விடாமல் வெளியே விடுங்கள், அது பறவை எச்சத்துக்காகவும் செய்ய வேண்டியதுதானே.

என்றைக்கோ ஒரு நாள் கழற்றியே ஆக வேண்டும், அல்லது இன்னொரு சீற் மாற்ற வேண்டும் என்று வந்தால் என்ன செய்வது? நான் பின்னாளில் ஊர் ஊராகச் சொல்லிக் காட்டிய முறை இதுதான். சோளகம் அடிக்கிற நேரத்தில் வேண்டாம். காற்று எழும்ப முன், விடியற்காலையில் தொடங்குங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணியையும் அன்றைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புங்கள். கீழே சாமான்களையும் தண்ணிக் குடத்தையும் மூடுங்கள், கதவு யன்னலைச் சாத்துங்கள். ஒரு வாளி தண்ணிக்குள் கொஞ்சம் சவர்க்காரத் தூள் கரைத்து, பூச்சிமருந்து அடிக்கிற பழைய தாங்கி இருந்தால் நன்றாகக் கழுவிவிட்டு, அதால் சீற்றின் இரண்டு பக்கமும் ஊற ஊற அடியுங்கள். சவர்க்காரம் இருந்தால் தண்ணி நாருக்குள் இறங்கும், இல்லாவிட்டால் மேலால் ஓடிவிடும். போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தால் சீற்றைப் பிடித்து இழுக்காமல் போல்ட்டை அறுங்கள். முழுச் சீற்றாகக் கைமாற்றிக் கீழே இறக்க வேண்டும், மேலேயிருந்து எறியக் கூடாது. எறிந்தால் சத்தம் ஒன்று, தூசி ஊருக்கெல்லாம்.

புதுச் சீற்றை வெட்டுவதென்றால் கிறைண்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். கைவாள் போதும். ஒருவர் அறுக்க, இன்னொருவர் செம்பால் அறுக்கிற கோட்டில் தண்ணியை மெல்ல ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் வாளடியில் சாம்பல் நிறக் களி வழியும், பிட்டுக்கு மா குழைக்கும்போது தண்ணி கூடிவிட்டால் வருமே அந்தப் பதம். கிறைண்டர் நாலு வீட்டுக்கு அனுப்பியிருக்கக்கூடிய தூசி அந்தக் களிக்குள் இருக்கிறது. காயும் முன் ஈரத் துணியால் வழித்துப் பைக்குள் போடுங்கள். பத்து நிமிச வேலை அரை மணித்தியாலம் ஆகும் என்று ஓடாவியார் முணுமுணுப்பார். தேத்தண்ணி ஒன்றைக் கூடக் கொடுங்கள்.

முகத்தில் துவாய் கட்டுவது இந்தத் தூசிக்கு ஒன்றும் செய்யாது. நீல நிற வைத்தியசாலை மாஸ்க்கும் அப்படித்தான், பக்கவாட்டால் காற்றுப் போகும். கொரோனா நேரத்தில் எல்லோருக்கும் தெரியவந்த என்95 மாஸ்க்கைத்தான் குறைந்தபட்சமாகச் சொல்வேன். மூக்குத் தண்டில் கம்பியை அழுத்தி, முகத்தோடு ஒட்ட வைக்க வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. வேலை முடிந்ததும் அதையும் பைக்குள் போட்டுவிட வேண்டும், அடுத்த நாளைக்கென்று ஆணியில் கொழுவி வைக்கக் கூடாது.

உடைந்த துண்டுகள்தான் வன்னியின் பெரிய தலையிடி. சண்டையில் நொருங்கியது, 2004 சுனாமியில் முல்லைத்தீவுக் கரையோரத்தில் சிதறியது, பிறகு குரங்கும் காற்றும் உடைத்தது என்று எங்கே மண்வெட்டி போட்டாலும் ஒரு துண்டு வரும். அதை ஒழுங்கைப் பள்ளம் நிரப்பப் போடுகிறார்கள்; ட்ரக்டர் சில்லு ஏறி ஏறி அரைத்து மாவாக்கும். கோழிக்கூட்டுக்கு மறைப்பு வைக்கிறார்கள், கத்தி தீட்டுகிறார்கள். பெடியள் நெருப்புக்குள் போட்டு வெடிக்க வைத்து விளையாடுகிறார்கள். சூட்டில் அது பட்டென்று சிதறும், சத்தத்துக்காகத்தான் செய்கிறார்கள். எரித்தால் அழிந்துவிடும் என்று நினைப்பதும் பிழை. குப்பை எரிக்கிற சூட்டுக்கு இந்த நார் அசையாது. சீற் வெடித்து நார் காற்றில் போகும்.

வளவில் கிடப்பதை நனைத்துப் பொறுக்கி, தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, “அஸ்பெஸ்டஸ்” என்று பெரிதாக எழுதுங்கள். பிரதேச சபையில் கேட்டுப் பாருங்கள், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கூப்பிடுங்கள். சபையிடம் இதற்கென்று இடம் இல்லை என்று பதில் வந்தால், சாதாரணக் குப்பை லொறியில் ஏற்ற விடாதீர்கள், அங்கே நசுக்கிவிடுவார்கள். கிணறு, வாய்க்கால், தோட்டம் இல்லாத மூலையில், பிறகு யாரும் கிண்டாத இடத்தில், நெஞ்சளவு ஆழக் குழியில் பொதியோடு புதைத்து, மேலே நல்ல மண் போட்டு மூடி, ஒரு கல் நட்டு வையுங்கள். இதைச் சிறந்த வழி என்று நான் சொல்ல மாட்டேன். ஒழுங்கைப் பள்ளத்தைவிட நல்லது. காணியை விற்றால் வாங்குபவரிடம் அந்தக் கல்லைக் காட்டுங்கள்.

அடுத்த வீடு கட்டுபவர்களுக்கு ஓடு நல்லது, விலைதான் இடிக்கும், மரமும் கூடுதலாக வேண்டும். நிறம் பூசிய தகடு லேசு, ஆனால் பங்குனி சித்திரையில் உள்ளே வேகும், கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் அரிக்கும். கீழே கிடுகுத் தட்டி ஒன்று அடித்தால் சூட்டுக்கும் மழைச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியும். கல்நார் கலக்காத நார்ச் சீமெந்துச் சீற்றும் கடைகளில் வருகிறது. பார்வையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் சீற்றில் அச்சடித்திருப்பதையும் பில்லில் எழுதியிருப்பதையும் பார்த்து வாங்குங்கள்.

கராஜ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். பழைய வாகனங்களின் பிரேக் லைனரிலும் கிளச் தட்டிலும் கல்நார் இருந்திருக்கிறது. டிரம்மைக் கழற்றியதும் கொம்பிறசரால் காற்றடித்துத் தூசி பறக்க விடுகிற பழக்கத்தை விட்டுவிட்டு ஈரத் துணியால் துடையுங்கள்.

கடைசியாக உங்கள் அப்பா. இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் நம் நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது காசநோய். மாவட்ட வைத்தியசாலையோடு இருக்கிற மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் காசில்லாமல் செய்வார்கள். போகும்போது ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்: டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும், “அப்பா முப்பது வருடம் சீற் வெட்டிப் போட்டவர்” என்று. எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, வெட்டியது கைவாளாலா கிறைண்டராலா, புகைத்தவரா என்பதை ஒரு கடதாசியில் எழுதிக் கொண்டுபோங்கள். நம் ஆட்கள் டொக்டரிடம் “கூலி வேலை” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் முப்பது வருடத் தூசி மறைந்துபோகும், தொய்வு, அதாவது ஆஸ்துமா என்று பம்ப் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

படியேறும்போது மூச்சு வாங்குகிறதா, ஆழமாக மூச்சிழுக்க முடியாமல் வறட்டு இருமல் வருகிறதா, விரல் நுனிகள் உருண்டு நகம் வளைந்திருக்கிறதா, ஒரு பக்க நெஞ்சு மட்டும் நோகிறதா, மெலிந்திருக்கிறாரா, சளியில் இரத்தம் உண்டா என்று நீங்களும் கவனித்துச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சி.ரி. ஸ்கான், ஊதிப் பார்க்கிற மூச்சுப் பரிசோதனை என்று அனுப்புவார்கள். நெஞ்சுச் சவ்வில் தடித்த திட்டுக்கள் இருக்கிறது என்று சொன்னால் உடனே இடிந்துபோக வேண்டாம். அது புற்றுநோய் அல்ல, கல்நார் உள்ளே போனதற்கான அடையாளம்.

உள்ளே போன நாரை வெளியே எடுக்கிற மருந்து கிடையாது, அஸ்பெஸ்டோசிஸைப் பின்னுக்குத் திருப்பவும் முடியாது. ஆனால் அவர் இன்றைக்குப் பீடியை விட்டால் நுரையீரல் புற்றுநோய்க்கான ஆபத்து வருடத்துக்கு வருடம் குறையும். அந்தப் பெருக்கல் கணக்கில் ஒரு எண்ணை எடுத்துவிடுகிறீர்கள். நெஞ்சுச் சளிக் காய்ச்சல் வராமல் பார்க்க வேண்டும். தடுப்பூசி பற்றி டொக்டரிடம் கேளுங்கள்.

மூன்று சீற்றும் மாற்றியாகிவிட்டது, முகட்டோடு இன்னும் ஏதும் பொருத்த வேண்டியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அன்றைக்கு வந்த அந்த ஓடாவித் தம்பிதானே திரும்பவும் வரப்போகிறார். வருகிறபோது கைவாள் கொண்டுவரச் சொல்லுங்கள். செம்பும் தண்ணியும் நீங்கள் எடுத்து வையுங்கள், என்95 மாஸ்க் இரண்டு வாங்கி வையுங்கள், ஒன்று அவருக்கு, மற்றது தண்ணி ஊற்றுகிறவருக்கு.